ஊர்வலத்துக்கு வார்த்த உடம்பு

மியூசியத்தில் சோழர் காலச் செப்புத்திருமேனியைப் பார்க்க வாய்த்தால், முகத்தைப் பார்த்து முடித்ததும் கொஞ்சம் குனிந்து பீடத்தைப் பாருங்கள். துளைகளோ வளையங்களோ இருக்கும். கழி செருகி, கயிறு கட்டி, வாகனத்தில் ஏற்றித் தூக்குவதற்கானவை அவை. கருவறைக் கல் மூர்த்தி இடம்விட்டு நகராது. அதற்குப் பதிலாகத் தெருவுக்கு வருபவர் உற்சவர். என் தொழில்பாஷையில், பயணம் பின்னால் ஒட்டவைத்த வசதி இல்லை, டிசைனிலேயே இருக்கிறது.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டாம். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் மலையைவிட்டுக் கிளம்பி, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, வைகையில் இறங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார். (அவர் செம்பு இல்லை, அபரஞ்சித் தங்கம் என்று யாராவது திருத்துவார்கள். சரிதான்.) முன்பு எங்கள் பரவைக்குப் பக்கத்துத் தேனூரில்தான் இறங்கினார், திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றிவிட்டார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் சேதி. வண்டியூரில் ஆற்றுக்குள் நிற்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பேர். ரூட் மாறிவிட்டது, பேர் மாறவில்லை.

இந்தச் சிற்பங்களின் கடல்கடந்த பயணம் வேறு மாதிரி. முதலில் போனது போட்டோதான். ரோடான் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே 1913-ல் எழுதினார். அது அச்சில் வந்தது 1921-ல், அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து. பிறகு சிலைகளே கிளம்பின. வித்யா தெஹேஜியாவின் பொறுப்பில் 2002-ல் வாஷிங்டனில் தொடங்கிய சோழர் செப்புச்சிலைக் கண்காட்சி டாலஸ், கிளீவ்லாந்து என்று சுற்றியது. 2006-ல் லண்டன் ராயல் அகாதெமியில் இன்னொன்று.

மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சையே உடைத்து எடுக்கிற வேலை இது. ஒரு அச்சுக்கு ஒரே சிலை. காப்பி பேஸ்ட் கிடையாது. அப்படிச் செய்தவனின் பேர் கண்காட்சி அட்டையில் இருக்காது. நூற்றாண்டு இருக்கும், நன்கொடை கொடுத்தவர் பேர் இருக்கும். கோயிலில் பட்டும் பூவும் மூடிய உடம்பு அங்கே வெற்றுடம்பாக, ஸ்பாட்லைட்டில். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் செய்தவன் மனதில் இருந்த காட்சி அது இல்லை என்றே நினைக்கிறேன்.

திரும்பி வரும் தேதியே இல்லாமல் போனவையும் உண்டு. பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கள்ளக் கைகள் மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். வாங்கியது ஒரு கனடா நிறுவனம். வழக்கில் நாகசாமி சாட்சி சொன்னார். 1988-ல் தீர்ப்பு. மேல்முறையீட்டில், இடிந்து கிடந்த கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள தரப்பாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991-ல் நடராஜர் ஊர் வந்தார்.

ஊர் என்றால் பத்தூர் இல்லை. திருவாரூரில், திருட்டுப் பயத்தில் பல கோயில்களின் உற்சவர்களைப் பூட்டி வைத்திருக்கும் அரசு பாதுகாப்பு மையம். லண்டனிலாவது நீதிபதி முன்னால் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே கம்பிக்குப் பின்னால், வரிசையில் ஒருவராக நின்றார்.