சிறைக்குள் கிடைத்த அமைதி

துன்பம் நீங்கினால்தான் அமைதி வரும் என்று எண்ணுகிறோம். ஆனால் இயேசு தம் அமைதியைச் சீடர்களுக்கு அளித்தது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தான் (யோவா 14:27). அந்த அமைதிக்குச் சான்றாக வாழ்ந்தவர் வியட்நாம் நாட்டுக் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் வான் துவான்.

1975 ஏப்ரலில் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுரிமைப் பேராயராக நியமிக்கப்பட்ட அவர், ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று கைதானார். விசாரணையின்றி 13 ஆண்டுகள் சிறை. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று மருந்து என்ற பெயரில் வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளிகளையும், ஒரு துளி தண்ணீரையும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி நிறைவேற்றினார்.

எனினும் அமைதி அவருக்கு எளிதில் கிட்டவில்லை. 8 ஆண்டுகள் ஞா திராங் மறைமாவட்ட ஆயராக இருந்து தொடங்கிய பணிகள் என்ன ஆகுமோ என்று உள்ளம் துடித்தது. ஓர் இரவில் தெளிவு பிறந்தது: அவை கடவுளின் பணிகள், கடவுள் அல்ல. பணிகள் பறிபோகலாம், கடவுளை எவரும் பறிக்க இயலாது.

1988இல் விடுதலையான அவர், 2001இல் கர்தினாலானார். 2002இல் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருஅவை அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தது.

நோயில் படுத்திருக்கும்போதும் வேலையை இழந்து நிற்கும்போதும், 'குடும்பத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே' என்றுதான் நாம் அதிகம் கலங்குகிறோம். செய்ய இயலாததை ஆண்டவரிடம் ஒப்படைப்போம். இன்று இயன்ற சிறு செயலை அன்போடு செய்வோம். துன்பம் உடனே தீராமல் போகலாம். அதன் நடுவிலும் அவர் நம்மோடு இருக்கிறார். அதுவே நம் அமைதி.