60 வயதுக்கு மேல் எடை குறைப்பு ஆபரேஷன் செய்யலாமா? வயதை விட டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது என்ன?

மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. சுகருக்கு மாத்திரையோடு இன்சுலினும் சேர்ந்துவிட்டது. ராத்திரி குறட்டையால் சரியான தூக்கம் இல்லை. 'எடையைக் குறைத்தால் பாதி பிரச்னை சரியாகும்' என்கிறார் டாக்டர். ஆனால் பத்து நிமிடம் நடந்தாலே மூச்சு வாங்குபவர், நடைப்பயிற்சி செய்து எப்படி எடையைக் குறைப்பார்?

60 வயதைத் தாண்டிய பலருக்கு 'பேரியாட்ரிக் சர்ஜரி' எனப்படும் எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வருவது இப்படித்தான். வீட்டில் உடனே ஒரு கேள்வி எழும்: "இந்த வயசுல போய் ஆபரேஷனா?"

வயது மட்டுமே தடை என்ற நிலை இன்று இல்லை. அதற்காக எல்லோருக்கும் ஏற்றது என்றும் சொல்லிவிட முடியாது. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன? பார்க்கலாம்.

பேரியாட்ரிக் சர்ஜரி என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது தொப்பையில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் 'லைப்போசக்‌ஷன்' அல்ல. அது அழகுக்கான சிகிச்சை. பேரியாட்ரிக் சர்ஜரி, இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படுவது. இதில் அதிகம் செய்யப்படும் முறைகள் இவை:

• ஸ்லீவ்: இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி அகற்றிவிட்டு, மீதியை ஒரு குழாய் போல ஆக்குவது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோனும் குறைவதால் பசி குறையும். வெட்டிய பகுதியைத் திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகலாம்.

• பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் சிறிய பை ஒன்றை உருவாக்கி, அதைக் குடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைப்பது. சுகர் கட்டுப்பாட்டுக்கு நல்ல பலன் தரும். ஆனால் வைட்டமின், இரும்பு, கால்சியம் சத்துகள் உடலில் சேர்வது குறையும்.

• மினி பைபாஸ்: பைபாஸின் எளிமையான வடிவம். இந்தியாவிலும் பரவலாகச் செய்யப்படுகிறது.

இவை எல்லாமே பெரும்பாலும் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில்தான் செய்யப்படுகின்றன. பிரச்னை எதுவும் இல்லாவிட்டால் சில நாட்களில் வீடு திரும்பலாம்.

எவ்வளவு எடை இருந்தால் இந்தச் சிகிச்சை?

இதற்கான அளவுகோல் பிஎம்ஐ. எடையை (கிலோ), உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. உதாரணமாக 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 90 கிலோ இருந்தால், அவரது பிஎம்ஐ சுமார் 37.5.

1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து தீவிரமான துணை நோய்கள் இருந்தாலோ ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்றது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே உலகம் முழுக்க அடிப்படையாக இருந்தது. 2022-ல் அமெரிக்க மற்றும் சர்வதேச பேரியாட்ரிக் சர்ஜரி அமைப்புகள் இணைந்து இதை மாற்றின. பிஎம்ஐ 35 இருந்தால், துணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றன. குறைந்த எடையிலேயே நமக்கு சுகர், இதய நோய் வந்துவிடுவதால், ஆசியர்களுக்கு 27.5-ல் இருந்தே பரிசீலிக்கலாம் என்றும் சொல்லின.

வயது வரம்பு உண்டா?

ஒரு காலத்தில் 60-ஐத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபரேஷன் செய்யப் பல டாக்டர்கள் தயங்கினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது.

அமெரிக்காவின் 'மெடிகேர்' காப்பீட்டில் 1997 முதல் 2002 வரை இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 16,155 பேரின் விவரங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. அதில் 65 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 1.7 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் உயிரிழந்திருந்தனர். 65 வயதைத் தாண்டியவர்களில் இது 4.8 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குறைவான எண்ணிக்கையில் இந்த ஆபரேஷன் செய்யும் சர்ஜன்களிடம் போனவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது.

அந்தக் காலத்தில் வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் ஆபரேஷன்களே அதிகம். பிறகு லேப்ராஸ்கோப்பி முறை பரவியது. மயக்க மருந்து, ரத்தக்கட்டு தடுப்பு எல்லாமே மேம்பட்டன. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், 30 நாள் உயிரிழப்பு இன்று பெரிய மையங்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டி இருக்கிறது. முதியவர்களுக்கு இது கூடுதல் என்றாலும், பழைய நிலைமை இல்லை.

2022 வழிகாட்டுதல், வயதுக்கு உச்சவரம்பு வைக்க ஆதாரம் இல்லை என்றது. ஆனால் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. முதியவர்களைத் தேர்வு செய்யும்போது 'முதுமைத் தளர்ச்சி' இருக்கிறதா என்று கவனமாகப் பரிசோதிக்க வேண்டும்.

அது என்ன முதுமைத் தளர்ச்சி?

ஒரே 66 வயதுதான். ஒருவர் மூட்டு வலி இருந்தும் கடைக்குப் போய் வருவார், சமைப்பார், பேரனைப் பள்ளியில் விடுவார். இன்னொருவர் எழுந்து நிற்கவே ஆள் துணை தேடுவார். ஆபரேஷன் தரும் அதிர்ச்சியை இருவரின் உடலும் ஒரே மாதிரி தாங்காது.

பிடி பலம், நடை வேகம், அடிக்கடி சோர்வு, கடந்த ஓராண்டில் கீழே விழுந்தது, ஞாபக சக்தி ஆகியவற்றை டாக்டர்கள் பார்ப்பார்கள். எளிமையான சோதனை ஒன்றும் உண்டு. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்கார வேண்டும். அதற்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் செயல்திறன் குறைவு என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோல். மூட்டு வலி இருப்பவர்களுக்கு வலியாலேயே நேரம் கூடும் என்பதால், இதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

'நல்லா குண்டாத்தானே இருக்காங்க, பலம் இருக்கும்' என்று நினைப்பது தவறு. உடம்பு பெரிதாக இருந்தாலும் உள்ளே தசை கரைந்து போயிருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு சேர்ந்து மிச்சமிருக்கும் தசையும் போகும். அப்போது தராசில் எடை குறைந்திருக்கும். ஆனால் பாத்ரூமில் இருந்து எழ முடியாத நிலை வரலாம். முதியவர்களுக்கு இந்த ஆபரேஷனில் இருக்கும் முக்கியமான ஆபத்து இது.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?

சுகர், பிபி மாத்திரைகள் குறையலாம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை குறையலாம். முழங்காலில் ஏறும் பாரம் குறைவதால் நடப்பது எளிதாகலாம். பிஎம்ஐ 40-க்கு மேல் இருப்பதால் மூட்டு மாற்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட சிலருக்கு அதற்கான வழியும் திறக்கலாம்.

அதே நேரம், இளவயதினர் அளவுக்கு எடை குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பல ஆண்டுகளாக சுகர் இருந்து, இன்சுலினும் போட்டுக்கொள்பவர்களுக்கு சுகர் முழுமையாக விலகும் வாய்ப்பு குறைவு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த ஆபரேஷனின் நீண்டகாலப் பலனைக் காட்டிய ஸ்வீடன் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 37 முதல் 60 வயது வரை உள்ளவர்கள். சுகர் நோயாளிகளிடம் நடந்த அமெரிக்காவின் 'ஸ்டாம்பீட்' ஆய்விலும் 20 முதல் 60 வயது வரைதான். அதாவது, விளம்பரங்களில் சொல்லப்படும் பலன்கள் பலவும் 60-க்குக் கீழ் உள்ளவர்களிடம் நிரூபிக்கப்பட்டவை.

மாத்திரைகளில் கவனம் ஏன்?

60-ஐத் தாண்டியவர்கள் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா நிச்சயம் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அது முழுவதையும் மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

• சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால், சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். இறக்கும் தன்மையுள்ள சில சுகர் மாத்திரைகளும் அப்படித்தான்.

• பிபி மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் தலைசுற்றல் வரும். கீழே விழுந்தால் எலும்பு முறியும்.

• மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

• ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, தைராய்டு மாத்திரை ஆகியவற்றின் அளவும் மாறலாம்.

வைட்டமின் பி12, டி, இரும்பு, கால்சியம் சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்மானம் இருக்கும் என்பதால், ஆபரேஷனுக்கு முன்பே எலும்பு அடர்த்தி சோதனை செய்வது நல்லது.

ஊசி மருந்து போதாதா?

எடை குறைப்புக்கான மவுன்ஜாரோ ஊசி 2025 மார்ச்சிலும், வீகோவி 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆபரேஷன் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இது ஒரு மாற்று வழி. ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். மாதந்தோறும் செலவும் இருக்கும். தசை இழப்பு என்ற பிரச்னை இதிலும் உண்டு. எனவே 'ஊசிதானே' என்று டாக்டர் மேற்பார்வை இல்லாமல் எடுக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதற்கு விதிகள் வைத்திருக்கிறது. டாக்டர் பரிந்துரை இருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால், இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுக்குள் வராத சுகர் போன்றவை இருந்து, மற்ற முறைகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். டாக்டர் பரிந்துரைக்கும் அளவும் இன்சூரன்ஸ் ஏற்கும் அளவும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன 37.5 பிஎம்ஐ உள்ளவருக்கு இந்த நோய்கள் இல்லாவிட்டால் கிளெய்ம் மறுக்கப்படலாம். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு காலத்தையும் பார்க்க வேண்டும். 2024 விதிப்படி அது அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

மருத்துவமனையை எப்படித் தேர்வு செய்வது?

2024 ஏப்ரலில் சென்னை புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டது. இளவயதினருக்கே இப்படி என்றால், முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'ஆஃபர்' விலையைப் பார்த்து முடிவெடுக்காமல் இந்தக் கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்:

• நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்கிறீர்கள்? அதில் 60-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்?

• இங்கே ஐசியு, 24 மணி நேர மயக்க மருந்து நிபுணர், இதய டாக்டர் இருக்கிறார்களா?

• எனக்கு ஸ்லீவ் ஏன்? பைபாஸ் ஏன் வேண்டாம்?

• என் தசை பலத்தைப் பரிசோதித்தீர்களா? முதலில் சில வாரம் பிசியோதெரபி செய்துவிட்டு வரலாமா?

• ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் உங்கள் கண்காணிப்பு இருக்கும்?

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் திரவ உணவு, பிறகு கூழ் போன்ற உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று சில வாரங்கள் படிப்படியாகப் போகும். நம் வீடுகளில் ஆபரேஷன் என்றாலே கஞ்சி, ரசம் சாதம் என்று பத்தியம் கொடுப்பது வழக்கம். இங்கே அது போதாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். எனவே ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, பனீர், தயிர் போன்றவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் சாதத்துக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் புரத பவுடரும் தேவைப்படும். டாக்டர் அனுமதித்ததும் தசைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு, கடும் வயிற்று வலி, மூச்சுத்திணறல், காலில் வீக்கம், தொடர் வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையல் போட்ட இடத்தில் கசிவு, நுரையீரலில் ரத்தக்கட்டு போன்றவற்றின் அறிகுறியாக இவை இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே நிலைமை மோசமாகலாம்.

முடிவு யாருடையது?

பல குடும்பங்களில் பிள்ளைகளே பேசி முடிவெடுத்துவிட்டு அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போகிறார்கள். சில வீடுகளில் 'இனிமே எதுக்கு' என்று பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டு முறையையும் மாத்திரைகளையும் மீதிக்காலம் முழுவதும் கடைப்பிடிக்கப் போகிறவர் அவர்தான் என்பதால், டாக்டரிடம் கேள்வி கேட்பதும் சம்மதம் சொல்வதும் அவராகவே இருக்க வேண்டும். தளர்ச்சி அதிகம் என்று டாக்டர் மறுத்தால் சிகிச்சை அதோடு முடிந்துவிடாது. பிசியோதெரபி, புரதம் நிறைந்த உணவு, மருந்து மாற்றம் என்று சில மாதங்கள் முயன்ற பிறகு மறுபடி பரிசோதனைக்குப் போகலாம்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரிடம் ஆலோசித்து முடிவு செய்யுங்கள்.)