பெரியப்பாவின் இடது கால்

விக்கிரமசிங்கபுரத்தில் கால் வீங்கினால் அதற்குச் சொல்ல எங்களிடம் பேர் நிறைய உண்டு. நீர் கோத்திருக்கு, வாயு, நரம்புச் சுருட்டல், ரொம்பப் பயந்துபோனால் யானைக்கால். மில்லில் நின்றே வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியபோது காரணத்தை அவரே சொல்லிவிட்டார்: "முப்பத்தஞ்சு வருசம் நின்ன காலுடே, வீங்காம என்ன செய்யும்?" காட்டிய இடத்தில் நீர் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. காலில் இருந்தது இரத்தக்கட்டு.

அதற்குப் பிறகுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விஷயம் பழையது. 1823-லேயே பாரிஸில் பூயோ என்ற மருத்துவர் புற்றுநோயாளிகளின் கால் வீக்கத்தையும் சிரைக்குள் உறைந்த இரத்தத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். 1865-ல் அதே ஊரில் அர்மான் த்ரூசோ இன்னொரு படி போனார்: காரணமில்லாமல் கட்டு வந்தால் உள்ளே மறைந்திருக்கும் புற்றைச் சந்தேகி என்றார். 1867 புத்தாண்டு அன்று அவர் கையிலேயே கட்டு தெரிந்தது. தன் கதை முடிந்தது என்று மாணவரிடம் சொன்னாராம். அந்த ஜூனில் இரைப்பைப் புற்றால் இறந்தார். புற்று உடம்பில் இருந்தால் இரத்தம் சீக்கிரம் உறையும் நிலைக்குப் போகிறது. கணையம், இரைப்பைப் புற்றுகளில் இது அதிகம்.

தெரிந்த விஷயம் ஏன் தப்பிப்போகிறது? கட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான். 1990-களில் கனடாவில் பிலிப் வெல்ஸ் குழுவினர் இதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்குமே, அங்கிருந்து 10 செ.மீ. இறக்கி இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் என்றால் 1. கால் முழுக்க வீங்கியிருந்தால் 1. அழுத்தினால் குழி விழுவது அந்தக் காலில் மட்டும் என்றால் 1. புற்றுநோய் இருப்பது தெரிந்தால் அதற்கும் 1. கடைசியில் ஒரு கழித்தல்: வேறு காரணம் அதே அளவு பொருந்தினால் 2 போய்விடும்.

எங்க ஊர் மாட்டிக்கொள்வது இந்தக் கழித்தலில்தான். மில், நின்ற கால், வயசு... காரணம் தயாராக இருக்கிறது. பெரியப்பாவுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு 3. பெருந்தன்மையாக 2 கழித்தாலும் 1 மிச்சம். அந்த 1-க்கே பரிசோதனை உண்டு.

டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை, உறைந்த இரத்தம் கரையும்போது வரும் துணுக்கைத் தேடுகிறது. ஆனால் புற்றுநோயாளிக்குக் கட்டு இல்லாமலே அது கூடியிருக்கும். அதனால் அவர்களுக்குப் பெரும்பாலும் நேரே ஸ்கேன்தான். தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து அழுத்துவார்கள். நல்ல சிரை என்றால் சப்பிப்போகும். கட்டு இருந்தால் சப்பாது. ஊசி கிடையாது, சாயம் கிடையாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, ஆசியாவில் அபூர்வம் என்று ஒரு நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் நோயாளிகளைக் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். உள்நோயாளிகள் 10,000 பேருக்குச் சுமார் 17 பேரிடம் கால் சிரைக் கட்டு. அவர்களில் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய்.

அப்படியானால் கட்டு வந்த எல்லோரையும் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்கணுமா? கனடாவில் 854 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவு: வயிற்று சி.டி. ஸ்கேன் சேர்த்ததால் கூடுதல் பயன் இல்லை. ஓராண்டில் புற்று தெரிந்தது சுமார் 4 சதவீதம் பேருக்கு. விசாரித்து, உடம்பைப் பார்த்து, வயதுக்கேற்ற வழக்கமான பரிசோதனைகளைச் செய்தால் போதும்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரியம்மா கேட்டாங்க. கணையப் புற்றில் மூன்று மாதம் என்ன மாற்றியிருக்கும், எனக்குச் சந்தேகம்தான். அதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். கட்டு நுரையீரலுக்கு ஏறாமல் தடுக்க மருந்து உண்டு, அது கிடைத்திருக்கும், கடைசி வாரத்து மூச்சுத் திணறல் ஒருவேளை வந்திருக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.