சே குவேரா ஒளிப்படம்: வணிகப் பயன்பாடு

1960 மார்ச் 5 அன்று ஹவானாவில், லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தோருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த படம். ஓரத்தில் தெரிந்த பனையோலையையும் இன்னொருவர் முகத்தையும் வெட்டிவிட்டு, நட்சத்திரம் பதித்த தொப்பியும் தொலைவை வெறிக்கும் கண்களுமாக அதை அவர் ஆக்கினார். 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் பெல்ட்ரினெல்லி பிரதிகளை இலவசமாகவே வாங்கிச் சென்றார். சே கொல்லப்பட்டதும் சுவரொட்டியாக்கி விற்றார். பிறகு பனியன், கோப்பை, கைக்கடிகாரம் என எதிலும் அந்த முகம். முதலாளித்துவத்தை ஒழிக்கப் போராடியவரின் முகத்திலேயே முதலாளிகள் லாபம் பார்த்தது பெருங்கொடுமை. கோர்டாவுக்கு உரிமத்தொகை எதுவும் வரவில்லை. 2000இல் ஸ்மிர்னாப் வோட்கா விளம்பரத்தில் படம் வந்ததும் வழக்குத் தொடுத்தார். சமரசத்தில் கிடைத்த சுமார் 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டார்.