கணினிக்குப் பெயர் வைத்த கதை

வில்கமுவவில் பழைய கணினிகளுக்குப் பெயர் வைக்கப் போய்த்தான் நாங்க இந்தக் கதையில மாட்டினோம். டெபியனில் ஹோஸ்ட்நேம் கோப்பு, ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப், ஓப்பன்பிஎஸ்டியில் மைநேம். ஏன் இத்தனை?

1983இல் வந்த பெர்க்லி யுனிக்ஸ் 4.2 கேர்னலுக்குப் பெயர் சொல்ல 'செட்ஹோஸ்ட்நேம்' அழைப்பைத் தந்தது. ஆனா அது நினைவகத்தோட சரி. மறுபடி இயக்கினா பெயர் போயிடும். எங்கே எழுதிவைப்பது என்பதை ஒவ்வொரு குழுவும் தன்பாட்டில் தீர்மானித்தது. லினக்ஸுக்குள்ளேயே ரெட்ஹாட்டின் கோப்பு வேறு. சிஸ்டம்டி வந்தபிறகுதான் ஓரளவு ஒன்றானது. அதனால கட்டளையும் கொடுக்கணும், கோப்பிலும் எழுதணும்.

எங்களுக்கு உறுத்தினது வேறொன்று. 1985இன் ஆர்எஃப்சி 952, பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளியை மட்டுமே அனுமதித்தது. 2010இல் '.இலங்கை' கிடைத்தும், உள்ளுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக்கோவைதான். எங்கட கணினியும் இன்னும் ஆங்கிலத்திலதான் 'வில்கமுவ'.