காப்பிரி ஆச்சி

''அண்ணாச்சி, எங்க குடும்பத்துல ஆப்பிரிக்க ரத்தம் கிடையாதுன்னு எங்கேயாவது எழுதி வாங்க முடியுமா?''

போனில் இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? கேட்டவர் என் நண்பர். சங்கரன்கோவிலில் விசைத்தறி போட்டிருப்பவர். வெட்டிப் பேச்சு பேசுகிற ஆள் இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, ஜாதகம் பொருந்தி, தேதி குறிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், 'அது காப்பிரி வீடுல்லா?' என்று கேட்டுவிட்டார். அத்தோடு பேச்சு நின்றுபோனது.

காரணம், தலைமுடி. நண்பருக்கும் மகளுக்கும் சுருள் சுருளான கெட்டி முடி. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயரே 'காப்பிரி'தான். கூடவே ஒரு குடும்பக் கதையும் உண்டு. நண்பரின் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்குப் போனாராம். திரும்பும்போது மனைவியோடு வந்தாராம். அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் 'காப்பிரி ஆச்சி'. சொந்தப் பெயர்? யாருக்கும் தெரியாது.

மறுநாளே பஸ் பிடித்துவிட்டேன். பாதி சிவனும் பாதி பெருமாளுமாக சங்கரநாராயணர் நிற்கிற ஊர் அது. ஆடித்தபசுக்கு அந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். அந்த ஊரில், ஒரு பெண்ணின் ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பஞ்சாயத்து!

முதலில் அந்த வார்த்தையைப் பார்த்துவிடலாம். அரபியில் 'காஃபிர்'. அதைப் போர்த்துக்கீசியர்கள் 'காஃப்ரே' ஆக்கினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக அள்ளிக்கொண்டு வந்த மக்களை அப்படித்தான் அழைத்தார்கள். நம் நாக்கில் அது 'காப்பிரி' ஆனது. கொச்சி மட்டாஞ்சேரியில் இன்றும் 'காப்பிரி முத்தப்பன்' உண்டு. சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, போர்த்துக்கீசியர்கள் புதையலைப் புதைத்து, காவலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது அங்குள்ள கதை. அந்த ஆவிதான் முத்தப்பன். இலங்கையில் புத்தளம் பக்கம் சிறம்பியடியில் காப்பிரி வம்சத்தினர் இன்றும் வாழ்கிறார்கள். கர்நாடகக் காடுகளில் சித்திகள். 2011-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, சித்திகள் ஆப்பிரிக்க பாண்டு மொழி பேசும் மக்களின் வழி வந்தவர்கள் என்றும், உள்ளூர்க்காரர்களோடு கலந்தது கடந்த எட்டுத் தலைமுறைக்குள்தான் என்றும் கணக்குச் சொன்னது.

தூத்துக்குடி கூட 1658 வரை போர்த்துக்கீசியர் கையில்தானே இருந்தது? உண்மைதான். ஆனால், நண்பர் குடும்பத்துக்குக் கடற்கரைச் சம்பந்தமே இல்லை. கரிசல் காட்டு ஆட்கள். ஆகவே நேட்டால் கதையைத்தான் நோண்ட வேண்டியிருந்தது.

1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலையில் 1895-ல் மூன்று பவுன் வரிச் சட்டத்தைக் கட்டினார்கள். (1913-ல் காந்தி நடத்திய போராட்டத்துக்கு இந்த வரியும் ஒரு முக்கியக் காரணம்.) வரி கட்ட வக்கில்லாத பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். நண்பரின் பூட்டனாரும் அப்படித் திரும்பியிருக்கலாம்.

வெள்ளைக்காரனிடம் எனக்குப் பிடித்தது அவன் கணக்குப் பிள்ளைத்தனம். கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா என்று பதிவு உண்டு. அந்தப் பட்டியல்களில் திருநெல்வேலி ஜில்லா வருகிறது. அன்றைக்கு நம் ஊர், 'சங்கரநயினார்கோவில்' தாலுகா. ஆனால் ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிய எழுத்துக்கூட்டல் இருக்கிறதே, அது தனி சித்திரவதை! போதாக்குறைக்கு பூட்டனார் பெயர், நெல்லைச் சீமையில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அவரைப் போல நிறைய பேர் கிடைத்தார்கள். இவர்தான் அவர் என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை. இன்னொன்று, நேட்டாலில் இந்தியர்களும் ஜூலு மக்களும் மணம் செய்துகொண்டது அபூர்வம். நடக்கவே நடக்காது என்றில்லை. அபூர்வம்.

காகிதம் கைவிட்டதும் டி.என்.ஏ. பக்கம் போனேன். நான் படித்தது பி.காம். அதனால் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். தேய்மானக் கணக்கில் 'குறைந்து செல் இருப்பு முறை' என்று ஒன்று உண்டு. வருடா வருடம் மீதி இருப்பதில் ஒரு பங்கைக் கழிப்பது. வம்சமும் அப்படித்தான். தலைமுறைக்குத் தலைமுறை பாதி! பூட்டியிடமிருந்து நண்பருக்கு வந்தது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. மகளுக்குப் பதினாறில் ஒரு பங்கு. தாய் வழியாக மட்டுமே இறங்குகிற மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. அது இங்கே உதவாது. பூட்டியிடமிருந்து மகனுக்கு, அதாவது தாத்தாவுக்கு வந்தது, அவரோடு முடிந்துபோனது.

ஆனால், ஒரு வழி பாக்கி இருந்தது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. அதைக் கொடுப்பவள் அம்மா. அந்த ஆண் அதை அப்படியே தன் மகள்களுக்குக் கொடுத்துவிடுவான், மகன்களுக்குக் கிடையாது. அப்படியானால், தாத்தாவின் மகளான நண்பரின் அத்தையிடம், காப்பிரி ஆச்சியின் எக்ஸ் ஒன்று முழுசாக இருக்கிறது! எண்பதைத் தாண்டிய அந்த அத்தை அடுத்த தெருவிலேயே இருந்தார். ஒரு குழாயில் கொஞ்சம் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

''எச்சியத் துப்பிக் கொடுக்கணுமா? படிச்சவன் பேசுத பேச்சால இது?''

பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். ''நேட்டாலும் இல்ல, கீட்டாலும் இல்ல. கப்பல்ல போயிட்டு வந்தது எங்க தாத்தா மட்டுந்தான். ஆச்சி மலைக்காரி.''

''எந்த மலை?''

''இந்தா, மேக்க தெரியுதுல்லா, அந்த மலைதான்.''

நண்பர் வாயடைத்துப் போனார். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?

''மலைக்காரியக் கட்டிட்டான்னு தெரிஞ்சா சாதியில தள்ளி வச்சிருவானுவ. கப்பல்ல வந்தவன்னு சொன்னா, எவன் கடல் தாண்டிப் போயி விசாரிக்கப் போறான்? காப்பிரின்னு கூப்பிட்டாவ. கூப்பிட்டுட்டுப் போறாவ. வீட்டுக்குள்ள விட்டாவல்லா!''

அந்த நொடியில் எனக்கு அந்தப் பூட்டனார் மேல் மரியாதை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மூளை! ஆனால், அந்தப் பொய்க்கு ஆயுள் முழுக்க விலை கொடுத்தது அவர் இல்லை, அவர் மனைவி.

புளியங்குடி, சிவகிரி, வாசுதேவநல்லூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர்கள் வாழ்கிறார்கள். தேனெடுப்பார்கள். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவார்கள். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிப் புத்தகத்தில் பளியர்கள் பற்றி எழுதியிருக்கிறார். (மனுஷன் மூக்கு மூக்காக அளந்தவர்.) 1931 சென்சஸை ஒட்டி பி.எஸ்.குஹா, காடர் போன்ற மலைமக்களின் சுருட்டை முடியைப் பார்த்து 'நெக்ரிட்டோ' என்று முத்திரை குத்தினார். முடியைப் பார்த்து வம்சம் சொல்வதில் அவருக்கும் அந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுருட்டை முடி எந்த வம்சத்திலும் வரும்.

அத்தை சொன்னது முழுக்க உண்மையா? குடும்பக் கொடையில் ஆச்சிக்கென்று தனி இலை போட்டு, தேனும் அவித்த கிழங்கும் வைப்பார்களாம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. 'அதான் ஆதாரம்' என்றார் நண்பர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கிழங்கு இல்லாமல் திருநெல்வேலியில் பொங்கலே கிடையாது. ஆனாலும், சிறுவயதில் ஆச்சியின் மடியில் படுத்த ஒருவர் சொல்வதை, ஊர் சொல்வதைவிட நம்பலாம் என்று தோன்றியது.

ஆப்பிரிக்கா இல்லை என்று நண்பர் பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸும் 'எம்130' என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். அதே அடையாளத்தின் கிளை ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. ஐம்பதாயிரம் வருடங்களுக்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்தவர்களின் தடயம் அது. 2009-ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் ஹார்வர்டு குழுவோடு செய்த ஆய்வு, அவர்கள் பார்த்த ஏறக்குறைய எல்லா இந்தியச் சமூகங்களிலும் இரண்டு பழைய வம்சங்கள் கலந்திருப்பதாகச் சொன்னது. 2013-ல் வந்த அடுத்த ஆய்வு, அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்து, பிறகுதான் சாதிக்குள் சாதி என்று கதவடைத்துக்கொண்டோம் என்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் ரத்தமும் இதில் அடக்கம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ''அவங்க பேரு என்ன ஆச்சி?''

அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். வெகு நேரம் யோசித்தார்.

''தாத்தா 'ஏ புள்ள'ம்பாவ. நாங்க ஆச்சிம்போம். வேற பேரு சொல்லிக் கேட்டதில்லியே தாயி.''

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று நண்பர் என்னைப் பார்த்தார். ''மலைக்காரி பேத்தின்னு சொல்லுங்கப்பா. அதுக்கப்புறமும் வந்தா வரட்டும்'' என்றாள் அந்தப் பெண்.

கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

''அந்தக் குழாயக் கொண்டா தம்பி. துப்புதேன். வெத்தல போட்டிருக்கேன், செவப்பா வரும். பரவாயில்லையா?''