கிட்னிக்காகக் காத்திருக்கிறீர்களா? அந்த போன் வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியவை!

விடிகாலை நேரம். சமயநல்லூர் மெயின் ரோட்டில் டீக்கடை பாய்லர் இப்போதுதான் சூடாகிறது. பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிய வண்டிகள் கடந்து போகின்றன. பஸ் ஸ்டாப்பில் காலேஜ் பசங்க, கொத்து வேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடையோடு ஓர் அக்கா. அவர்களோடு ஒருவர் துணிப்பையோடு நிற்கிறார். பைக்குள் பெட்ஷீட், மெடிக்கல் ஃபைல், காப்பீட்டுத் திட்ட அட்டை, இட்லி டப்பா. இடது கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. டயாலிசிஸ் போகிறார்.

அவர் உங்க அப்பாவாக இருக்கலாம். அண்ணனாக இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்.

'டோனர் கிடைக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க' என்று டாக்டர் சொன்னதும், பலர் அதை 'சும்மா இருங்க' என்று எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. காத்திருக்கும் காலமும் சிகிச்சைதான். கிட்னி கிடைக்கிற நாளில் ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இருக்க வேண்டும். அதை எப்படிக் காப்பாற்றுவது, டோனருக்கு என்ன வழிகள், எதில் ஏமாறக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

168-ல் 12

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல கிட்னி அத்தனை மணி நேரமும் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். டயாலிசிஸ் மெஷினுக்குக் கிடைப்பதோ பொதுவாக வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம்தான்.

மீதி 156 மணி நேரமும் உப்பு, தண்ணீர், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். 'இன்னிக்கு உடம்பு நல்லாதானே இருக்கு, ஒரு டயாலிசிஸை விட்டுட்டா என்ன?' என்று தோன்றும். விடாதீங்க. கல்யாணம், திருவிழா என்றால் முன்கூட்டியே சொல்லி ஷிஃப்ட்டை மாற்றிக் கேளுங்க. அரை மணி நேரம் முன்னாடியே மெஷினை நிறுத்தச் சொல்வதும் வேண்டாம்.

வாரம் மூன்று நாள் பஸ் ஏறி மதுரைக்குள் போய்வர முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, சி.ஏ.பி.டி எனப்படும் வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய சிறு குழாய் வழியாக திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பார்கள். இதை நீங்களே வீட்டில் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரே கண்டிஷன், சுத்தம். கை கழுவுவதில் அலட்சியம் காட்டினால் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும். உங்களுக்கு இது ஒத்துவருமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுப் பாருங்க.

மதுரை வெயிலும் தண்ணீர்க் கணக்கும்

கஷ்டமான பாடம் இதுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறதோ, அதோடு அரை லிட்டர் சேர்த்தால், அதுவே பெரும்பாலானவர்களுக்குக் குடிக்கும் அளவு. உங்களுக்கான சரியான அளவை டாக்டர் சொல்வார். சிறுநீரே போகாதவருக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர்தான். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

தண்ணீர் என்றால் சொம்புத் தண்ணீர் மட்டும் இல்லை. டீ, மோர், ரசம், கஞ்சி, ஐஸ்க்ரீம் எல்லாமே கணக்கில் வரும். ஜிகர்தண்டாவும்தான். அதில் பால் வேறு இருப்பதால் பாஸ்பரஸும் சேரும். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம் நீட்டுவார்கள். அன்போடு தருவதை மறுக்க மனசு வராது. வாங்கி ஒரு வாய் மட்டும் வைத்துவிட்டுக் கூட வருபவரிடம் கொடுத்துடுங்க.

சில சின்ன உத்திகள்:

- காலையிலேயே அன்றைய அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்க. டீ குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுங்க.
- பெரிய டம்ளரைத் தூக்கி உள்ளே வையுங்க. சின்ன டம்ளர் போதும்.
- தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பலாம். ஓர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்ளலாம். அதுவும் கணக்கில் சேரும்.
- உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், ஹோட்டல் சால்னா... தாகத்தைத் தூண்டுவது இவைதான்.

தினமும் எடை பாருங்க. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒரு கிலோ ஏறினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க.

'உடம்புக்கு நல்லது' என்று வரும் ஆபத்து

உடம்பு சரியில்லை என்றால் சொந்தக்காரர்கள் முதலில் வாங்கி வருவது இளநீர். கிட்னி செயலிழந்தவருக்கு இளநீர் ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயம் திடீரென்று நின்றுபோகலாம். வாழைப்பழம், சாத்துக்குடி, உலர்ந்த பழங்கள், கீரை, தக்காளி போன்றவற்றிலும் கவனம் தேவை. ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு, கிட்னி வேலை செய்யாதவர்களின் மூளையைப் பாதிக்கும்.

காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டைப் பார்த்து நல்லது என்று வாங்கிவிடாதீங்க.

இன்னொரு குழப்பம் புரதத்தில். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். புரதம் கூடுதலாகத் தேவை. பழைய டயட் சார்ட்டையே பிடித்துக்கொண்டு மெலிந்துபோகிறவர்கள் உண்டு. முட்டை வெள்ளைக்கரு, மீன் எல்லாம் எவ்வளவு சாப்பிடலாம் என்று புதிதாகக் கேட்டு எழுதி வாங்குங்க.

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, யாரோ சொன்ன பஸ்பம், 'கிரியாட்டினினைக் குறைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் கஷாயம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஃபிஸ்டுலா கை

கையில் ரத்தக்குழாய்களை இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாதான் உங்களுக்கும் மெஷினுக்கும் நடுவிலான பாலம். அந்தக் கையில் பி.பி பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, ஊசி போடவோ விடக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம். அந்தப் பக்கம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்காதீங்க. தினமும் காலையில் விரலை வைத்துப் பாருங்க, உள்ளே ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும்.

யார் கிட்னி தரலாம்?

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, இரட்டைச் சகோதரர்களுக்கு இடையில் நடந்தது. இந்தியாவில் அந்த வெற்றியை 1971-ல் காட்டியது நம்ம வேலூர் சி.எம்.சி. இன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே, அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியிலேயே, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது.

1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும், நெருங்கிய உறவினர் யார் என்று வரையறுக்கின்றன. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. இவர்களைத் தவிர வேறு யார் தருவதாக இருந்தாலும் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதி தர வேண்டும்.

ரத்த வகை சேரவில்லையா? அதோடு முடிந்துபோகவில்லை. அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு டோனரை மாற்றிக்கொள்ளும் 'ஸ்வாப்' முறைக்குச் சட்டம் இடம் தருகிறது. ரத்த வகை மாறினாலும் கூடுதல் சிகிச்சையோடு மாற்று செய்யும் மருத்துவமனைகளும் இருக்கின்றன.

வீட்டுக்குள் பேச வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மா, மனைவி, அக்கா. 'அவங்கதான் தருவாங்க' என்று யாரும் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது. டோனரைத் தனியாகப் பேசவிட்டு, மனதார சம்மதமா என்று கேளுங்க. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. முழுப் பரிசோதனை செய்து டாக்டர்கள் தகுதி சொன்ன ஒருவர், மீதமுள்ள ஒரு கிட்னியோடு இயல்பாக வாழ முடியும். ஆனால், வருடாவருடம் செக்கப் கட்டாயம்.

பட்டியலில் பெயர்

வீட்டில் டோனர் இல்லை என்றால், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்குப் பதிவு செய்யணும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவன் பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் மாநில அரசின் உறுப்பு தானத் திட்டமும் உருவானது. இன்று அதை நடத்துவது 'டிரான்ஸ்டான்' எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்.

நீங்கள் நேராகப் போய்ப் பதிவு செய்ய முடியாது. மாற்று அறுவை சிகிச்சைக்கு உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான் பெயர் சேரும். பதிவு எண்ணை வாங்கி போனில் சேமித்து வையுங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் உண்டு. அட்டையில் பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துடுங்க.

புரோக்கர் வந்தால்...

காத்திருப்பு நீளும்போது யாராவது வந்து காதில் ஓதுவார்கள். 'ஆள் ரெடி, இவ்வளவு கொடுத்தா போதும்.' 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தி கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க உத்தரவிட்டது.

விற்றவர், வாங்கியவர், புரோக்கர் எல்லோருக்கும் தண்டனை உண்டு. 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்க. வட்டிக்கடனுக்கு பயந்து உடம்பை விற்ற ஒருவரின் கிட்னியோடு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

போன் வந்தால் என்ன செய்வது?

அது நடுராத்திரியிலும் வரலாம். எடுத்த கிட்னியைச் சுமார் ஒரு நாளுக்குள் பொருத்திவிடப் பார்ப்பார்கள். சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது. அதனால்:

- போனை சைலன்ட்டில் போடாதீங்க. வீட்டில் இன்னும் இரண்டு பேர் நம்பரையும் மருத்துவமனையில் கொடுத்து வையுங்க.
- ஃபைல், அட்டை, துணிமணி அடங்கிய பை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.
- ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஆட்டோ அண்ணன் நம்பர் கையில் இருக்கட்டும்.
- போன் வந்ததும் எதுவும் சாப்பிடாமல், அவர்கள் சொல்கிறபடி கிளம்புங்க. காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்க.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்க. உங்க ரத்தம் அந்த கிட்னியை எதிர்க்கிறது என்று 'கிராஸ் மேட்ச்' பரிசோதனையில் தெரிந்தால் திரும்பி வரவேண்டியிருக்கும். வலிக்கும். ஆனால், உங்க பெயர் பட்டியலில் அப்படியேதான் இருக்கும்.

அதற்குள் முடித்துவைக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, பல் பரிசோதனை, இதயப் பரிசோதனை. சிகரெட்டை முழுசாக விடணும். தேவையில்லாமல் ரத்தம் ஏற்றினால் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பொருந்தும் கிட்னி கிடைப்பது கஷ்டமாகும். ரத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், 'நான் டிரான்ஸ்பிளான்ட்டுக்குக் காத்திருக்கேன்' என்று சொல்லுங்க.

மாற்றிய பிறகும் வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு. நேரம் தவறாமல் மாத்திரை போடும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்க.

மனசையும் கவனியுங்க

'எல்லாருக்கும் பாரமா இருக்கேன்' என்ற நினைப்பு வரும். டயாலிசிஸில் இருப்பவர்களிடம் மனச்சோர்வு சகஜம். அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். 104 என்ற அரசு எண்ணில் பேசலாம். டயாலிசிஸ் இல்லாத நாளில் முடிந்த வேலையைச் செய்யுங்க. அரை மணி நேரம் நடங்க. பக்கத்து பெட்காரரிடம் பேசுங்க. உங்க கஷ்டம் அவருக்கு விளக்காமலே புரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு

கிட்னி நல்லா இருக்கிறதா? ஒரு வேலை செய்யுங்க. தேசிய அமைப்பான 'நோட்டோ' இணையதளத்தில் ஆதார் எண் கொடுத்து உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யலாம். சந்தேகம் என்றால் கட்டணமில்லா எண் 1800 11 4770.

பதிவு செய்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் சம்மதம் கேட்பது உங்க குடும்பத்திடம்தான். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதையோடு நடக்கிறது. அப்படி முதலில் மரியாதை பெற்றவர் தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்தவர். அவர் குடும்பம் அந்த துக்கத்திலும் 'சரி' என்றதால்தான் அது நடந்தது.

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொல்லிடுங்க, 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கொடுத்துடுங்க' என்று. அம்மா, 'சாப்பிடும்போது என்ன பேச்சு இது' என்று திட்டுவார். பரவாயில்லை, சொல்லுங்க. சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் துணிப்பையோடு நிற்கிறவருக்கு வரவேண்டிய போன், அந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்கும்.